புல்லுக்கு ஒரு வக்காலத்து

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் ஊட்டிக்குப் போய் வந்தார். "என்ன இயற்கை ஸார், என்ன இயற்கை!" என்று மாய்ந்து போனார். எங்கே கண்டீர் அந்த இயற்கையை என்று கேட்டேன். "தாவரவியல் பூங்காவில்தான்!" என்றார்.

பூங்கா அழகுதான்; மறுக்கவில்லை. ஆனால் தொட்டபெட்டாச் சரிவிலுள்ள அந்த 55 ஏக்கரும் மனிதக் கைவேலை. வெள்ளைக்காரர்கள் முதலில் சந்தா போட்டு அங்கே காய்கறி பயிரிட்டார்கள். 1848-ல் மக்ஐவர் என்ற தோட்டக்காரர் சீமையிலிருந்து வந்து அதைப் பூங்காவாக்கினார். ஊர் ஏக்கம் பிடித்தவர்கள் தங்கள் ஊரையே மலைமேல் நட்டுக்கொண்டார்கள். குற்றமில்லை. கடல் கடந்து போன நம்மவர்களும் கொல்லையில் முருங்கை நட்டவர்கள்தானே?

என் வழக்கு வேறு. அவர்களுடைய ஏக்கத்தை நாம் ஏன் நம் கண்ணில் மூக்குக் கண்ணாடியாக மாட்டிக்கொண்டோம்?

நீலகிரியின் சொந்தச் சொத்து பூங்கா வேலிக்கு வெளியே இருக்கிறது. மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. இரண்டும் மழையை வாங்கி வைத்துக்கொண்டு, கோடையிலும் ஓடையாகக் கசியவிடுகின்றன. பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். ஆள வந்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'தரிசு'. தரிசென்று சொல்லியே ஆஸ்திரேலியாவின் சீகையையும் கற்பூர மரத்தையும் அதன் தலையில் நட்டார்கள். 1947-க்குப் பிறகாவது நாம் நிறுத்தினோமா? தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்று இன்னும் அதிகமாக நட்டோம்! சீகை இன்று யாரும் நடாமலே பரவுகிறது.

பூங்காவின் மேட்டில் தோடர் மந்து ஒன்று உண்டு. அந்தப் புல்லில் தலைமுறை தலைமுறையாக எருமை மேய்த்தவர்கள் அவர்கள். நாமோ அவர்களையே வேடிக்கை பார்த்துவிட்டு இறங்கி வருகிறோம்.

பூங்காவை மூடச் சொல்லவில்லை. மே மாத மலர்க் கண்காட்சியும் நடக்கட்டும். ஆனால் தாவரவியல் பூங்கா என்றால் பள்ளிக்கூடம். வெறும் பூத்தொட்டி வரிசை அல்ல. வாசலுக்கு எதிரே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தை மலைப் புல்லுக்குக் கொடுங்கள். பக்கத்தில் ஒரு பலகை வைத்து, அது என்ன வேலை செய்கிறது என்று தமிழில் எழுதுங்கள்.

"இதென்ன ஸார், வெறும் புல்!" என்பார் என் நண்பர். சொல்லட்டும். அந்த வெறும் புல் கசியவிட்ட தண்ணீர் பவானியில் இறங்கி, பில்லூர் அணையில் தேங்கி, குழாய் வழியாகக் கோயம்புத்தூருக்கு வருகிறது. அவர் காலையில் குடிக்கும் காப்பியில் அதுவும் கலந்திருக்கிறது.