டம்ளர் சரி, முடிவு தப்பு

போன வாரம் எங்க ஹாஸ்டல் க்ரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. ஒரு கண்ணாடி டம்ளர், விளிம்பு வரைக்கும் தண்ணி, மேல ரெண்டு ஐஸ் கட்டி மிதக்குது. ஐஸ் முழுக்கக் கரையுது, ஒரு சொட்டு கூட வழியல. கீழே கேப்ஷன்: "ஐஸ் உருகினா கடல் மட்டம் ஏறும்னு சொன்னவங்க எல்லாம் எங்கப்பா?"

போட்டவன் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். பாதிப் பேர் கைதட்டல் எமோஜி போட்டாங்க, மீதிப் பேர் கலாய்ச்சாங்க. எங்க தப்புன்னு ஒருத்தரும் சொல்லல. நானும்தான். இத்தனைக்கும் எல்லாரும் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பாஸ் பண்ணவங்க. மெட்டாசென்ட்ரிக் ஹைட் எக்ஸ்பெரிமென்ட் பண்ணி, ரெக்கார்டுல சைன் வாங்கினவங்க.

அவனைக் கலாய்க்க நமக்கு அருகதை இல்லை என்பதுதான் என் கருத்து. அவனாவது ஒரு சோதனை செஞ்சு பார்த்தான். அந்தச் சோதனையில ஒரு தப்பும் இல்லை. 100 கிராம் ஐஸோட கன அளவு சுமார் 109 மில்லி. ஆனா மிதக்கும்போது அது ஒதுக்கித் தள்ளுற தண்ணி தன் எடைக்குச் சமம், அதாவது 100 மில்லி. உருகினதும் அதுவே 100 மில்லி தண்ணியா மாறி, தான் ஒதுக்கின இடத்துல அப்படியே உட்கார்ந்துக்குது. மட்டம் மாற வழியே இல்லை.

கேள்வி ஐஸ் உருகுதா என்பது இல்லை. உருகுறதுக்கு முன்னாடி அது எங்க இருந்துச்சு என்பதுதான்.

பழைய புதிர் ஒண்ணு இருக்கு. தொட்டியில ஒரு படகு, படகுல ஒரு கருங்கல். கல்லைத் தூக்கித் தண்ணிக்குள்ள போட்டா மட்டம் ஏறுமா இறங்குமா? நம்ம ஆளுங்கள்ல பெரும்பாலானவங்க யோசிக்காம "ஏறும் சார்" என்பாங்க. கல் 270 கிலோன்னு வச்சுப்போம். படகுல இருக்கிற வரைக்கும் அதுக்காகப் படகு 270 லிட்டர் தண்ணியை ஒதுக்கியாகணும். அடியில மூழ்கிட்டா தன் கன அளவை மட்டும்தான் ஒதுக்கும். கருங்கல்லோட அடர்த்தி தண்ணியைப் போல 2.7 மடங்குன்னா அது 100 லிட்டர்தான். தொட்டியோட பரப்பு 17 சதுர மீட்டர்னா மட்டம் 1 செ.மீ. இறங்கும். மிதக்கிறது எடையை வச்சு ஒதுக்கும், மூழ்கினது கன அளவை வச்சு ஒதுக்கும். கரையில கிடக்கிற கல்லோ எதையும் ஒதுக்காது. இந்த மூணாவதுதான் அந்த வீடியோவுல இல்லாதது.

ஒரு டீ வடிகட்டியை டம்ளர் மேல வச்சு, அதுல ஐஸை வையுங்க. இப்ப உருகினா வழியும். கிரீன்லாந்துப் பனி இப்படித்தான், பாறை மேல உட்கார்ந்திருக்கு. அது முழுக்கக் கடலுக்கு வந்தா மட்டம் சுமார் 7 மீட்டர் ஏறும். அண்டார்டிகா முழுசும்னா சுமார் 58 மீட்டர். இதெல்லாம் நாளைக்கே நடக்கப் போறதில்ல, நூற்றாண்டுகள், ஆயிரமாண்டுகள் கணக்கு. ஆனா 1901-லிருந்து 2018-க்குள்ள கடல் மட்டம் சுமார் 20 செ.மீ. ஏறியிருக்குன்னு ஐ.பி.சி.சி. அறிக்கை சொல்லுது. அதுல ஒரு பங்கு கடல் தண்ணி சூடாகி விரிஞ்சதால வந்தது. டம்ளர்ல அதைக் கண்ணால பார்க்கவே முடியாது.

இன்னொண்ணு இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்சது. வடிகட்டியில இருக்கிற ஐஸை உருக விடாம அப்படியே டம்ளருக்குள்ள தள்ளுங்க. விழுந்த உடனே மட்டம் ஏறிடும்; அப்புறம் அது உருகினாலும் உருகாட்டியும் ஒண்ணுதான். அதாவது நிலத்துப் பனி உருகணும்னு கூட அவசியமில்ல, கடலுக்குள்ள சறுக்கினாலே போதும். 2002-ல் அண்டார்டிகத் தீபகற்பத்துல லார்சன் பி பனி அடுக்கு, சுமார் 3,250 சதுர கி.மீ., சில வாரங்கள்ல நொறுங்கிப் போச்சு. அது ஏற்கெனவே மிதந்துட்டு இருந்ததுதான், அதனால நொறுங்கினதுல கடல் மட்டம் பெருசா அசையல. வீடியோக்காரன் இதைக் கேட்டா சந்தோஷப்படுவான். ஆனா அந்த அடுக்கு, பின்னாடி நிலத்துல இருந்த பனியாறுகளுக்குக் கதவுக்கு வைக்கிற முட்டு மாதிரி இருந்துச்சு. முட்டு போனதும் அதுங்க பல மடங்கு வேகமாக் கடலை நோக்கி நகர ஆரம்பிச்சுது.

எதிர்த்தரப்பையும் சொல்லணும். ஆர்க்டிக் கடல்ல மிதக்கிற பனி மேல நிக்கிற பனிக்கரடி படத்தைப் போட்டு, "இது உருகினா நம்ம ஊர் முழுகும்"னு எழுதுறாங்களே, அதுவும் தப்புதான். கடல் தண்ணி உப்பா இருக்கிறதால 100 கிராம் மிதக்கும் ஐஸ் சுமார் 97.5 மில்லியைத்தான் ஒதுக்கும், உருகினா மீதி 2.5 மில்லி கூடும். அவ்வளவுதான். இந்த மாதிரிப் பதிவுக்குப் பதிலாத்தான் டம்ளர் வீடியோக்கள் பிறக்குது.

லேப் வைவாவுல இன்னமும் "ஆர்க்கிமிடீஸ் விதியைச் சொல்லு"ன்னுதான் கேட்கிறாங்க. சொல்றோம், மார்க் வாங்குறோம். அதுக்குப் பதிலா ஒரு டம்ளர், ஒரு வடிகட்டி, ரெண்டு ஐஸ் கட்டியை மேசையில வச்சு "இப்ப என்ன ஆகும், ஏன்?"னு கேட்டா, செமஸ்டருக்கு அஞ்சு பேர் தடுமாறினாலும் பரவாயில்ல. அந்தத் தடுமாற்றம் எங்க க்ரூப்புல நடந்ததை விட எவ்வளவோ மேல்.

அவன்கிட்ட நேர்ல போய் இதைச் சொன்னேன். கோவிச்சுக்கல. "வடிகட்டி வச்சு ரெண்டாவது வீடியோ எடுக்கிறேன்"னான். இன்னும் எடுக்கல. மெஸ்ல வடிகட்டி கேட்டா தர மாட்டேங்கிறாங்களாம்.