நாவில் தொடங்கும் விசுவாசம்



தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் கிறிஸ்தவ ஆசிரியர்களை நோக்கி இரு பக்கங்களிலிருந்து கேள்விகள் எழுவதுண்டு. திருச்சபையில் சிலர், "நாள்தோறும் இத்தனை பிள்ளைகள் உங்கள் முன் அமர்ந்திருக்கிறார்களே, ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்கின்றனர். பெற்றோர் சிலரோ, "இவர் வகுப்பில் மதம் பேசுவாரோ?" என்று ஐயுறுகின்றனர். இவ்விரு கேள்விகளுக்கும் நான் கொண்டுள்ள விடை ஒன்றே. வகுப்பறை பிரசங்க மேடை அன்று. ஆயினும் ஆசிரியரின் விசுவாசம் வெளிப்படும் இடங்களில் வகுப்பறையே முதன்மையானது.

முதலில் பிரசங்கத்தைப் பற்றிப் பார்ப்போம். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் பிரிவு, தம் சமயமல்லாத பிற சமயப் போதனையைப் பெறவோ வழிபாட்டில் பங்குகொள்ளவோ எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. 18 வயதுக்குட்பட்டவரின் சமயத்தைப் பெற்றோரோ பாதுகாவலரோதான் முடிவு செய்ய வேண்டும் என்பதும் அப்பிரிவில் உள்ளது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பிறர் நமக்கு எதைச் செய்ய விரும்புகிறோமோ அதையே நாம் அவர்களுக்குச் செய்ய வேண்டும் என்பது இயேசு பெருமான் மலைப்பிரசங்கத்தில் அளித்த கட்டளை. என் பிள்ளைக்கு என் அனுமதியின்றி இன்னொருவர் தம் சமயத்தைப் போதிப்பதை நான் விரும்பேன் எனில், பிறர் பிள்ளைக்கு அதனை நான் எவ்வாறு செய்யலாம்? ஏழு வயதுக் குழந்தை ஆசிரியர் சொல்லை அப்படியே நம்பும். அந்நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்வது சாட்சியாகாது.

அப்படியானால் விசுவாசம் எங்கே வெளிப்படும்? முதலில் நாவில். யாக்கோபு எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், போதகராக விரும்புவோருக்குக் கடுமையான தீர்ப்பு உண்டு என்ற எச்சரிக்கையுடன் தொடங்கி, உடனே நாவைப் பற்றிப் பேசுகிறது. கற்பிப்பவருக்கு நாவே கருவி. அதனாலேயே அவருக்குப் பொறுப்பும் மிகுதி.

மலைப்பிரசங்கம் இதனினும் நெருங்கி வருகிறது. சகோதரனை 'வீணன்' என்றும் 'மூடன்' என்றும் சொல்வதைக் கொலைக்கு எதிரான கட்டளையோடு சேர்த்தே இயேசு பேசுகிறார். இவ்விரண்டு சொற்களும் நம் வகுப்பறைகளுக்குப் புதியவை அல்ல. 'நீ எதற்கும் உதவமாட்டாய்' என்பது முதலாவது சொல். 'மண்டு', 'முட்டாள்' என்பன இரண்டாவது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. ஆனால் பிள்ளைகளைக் 'கெட்டிக்காரர்', 'மந்தமானவர்' என்று பிரித்துப் பேசும் பழக்கம் அதனுடன் அகலவில்லை. அடைவுநிலை 2 என்பது இன்று அம்மாணவன் எட்டியிருக்கும் படி. அவனுடைய பெயர் அன்று. இவ்வேறுபாட்டைக் காக்க வேண்டியது ஆசிரியரின் நாவே. கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டிப்பதில் தவறில்லை. 'இந்தக் கணக்கில் கவனக்குறைவு இருக்கிறது' என்பது கண்டிப்பு. 'உனக்குக் கணக்கு வராது' என்பது சாபம்.

இரண்டாவது, பாரபட்சம். பொன் மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல ஆசனமும் கந்தை உடுத்தி வரும் ஏழைக்கு நிற்க ஓர் இடமும் கொடுப்பதை அதே யாக்கோபு கடிந்துரைக்கிறார். பெற்றோர் சந்திப்பு நாளில் இதனை நினைவுகூர்தல் நலம். பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளருக்கு அரை மணி நேரமும், வேலை உடையோடு அவசரமாக வந்து நிற்கும் தந்தைக்கு இரண்டு நிமிடமும் ஒதுக்கப்பட்டால், அதனை அவர் கவனிப்பார். அருகில் நிற்கும் அவர் பிள்ளை இன்னும் கூர்ந்து கவனிக்கும்.

மூன்றாவது, மனநிலை. தமிழ்ப் பாடத்தில் சமயச் சார்புள்ள செய்யுள்கள் உண்டு. மூதுரையின் கடவுள் வாழ்த்து விநாயகரைப் போற்றுவது. அத்தகைய பாடல்களை வேண்டாவெறுப்பாக வாசித்துவிட்டு நகர்வது பக்தியாகாது. அது பாடத்துக்கும் பிள்ளைக்கும் செய்யும் அநீதி. பொருளையும் சொல்லழகையும் முழுமனத்தோடு விளக்குவதே ஆசிரியரின் கடமை. பள்ளியில் சரசுவதி பூசை நடைபெறும்போது கிறிஸ்தவ ஆசிரியர் வழிபாட்டில் கலந்துகொள்ளாதிருக்கலாம்; அது அவர் மனச்சாட்சி. ஆனால் நாற்காலிகளை அடுக்கவும் பிள்ளைகளை வரிசைப்படுத்தவும் எந்த மனச்சாட்சி தடை சொல்லும்? முகத்தைச் சுளித்து ஒதுங்கி நிற்பதைவிட இதுவே கிறிஸ்துவின் சாயலுக்கு நெருக்கமானது.

நம் நாட்டுத் தமிழ்க் கல்வி வரலாறும் இதற்குச் சான்று பகர்கிறது. 1816ஆம் ஆண்டில் பினாங்கு இலவசப் பள்ளியில் தொடங்கப்பட்ட தமிழ் வகுப்பையே தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். அப்பள்ளியை நிறுவியவர் ஹட்சிங்ஸ் என்னும் பாதிரியார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்று, 1966ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற உழைத்த தனிநாயகம் அடிகள் ஒரு கத்தோலிக்கத் துறவி. அவரை இன்று எல்லாச் சமயத் தமிழரும் நன்றியோடு நினைக்கின்றனர். அவர் அங்கியை மறைத்துக்கொள்ளவில்லை. எவர் மீதும் அதனைப் போர்த்தவும் இல்லை.

"இனிய சொல்லும் நடுநிலையும் எல்லா நல்லாசிரியருக்கும் உரியவைதாமே, இதில் கிறிஸ்தவம் எங்கே?" என்று கேட்கலாம். உண்மைதான். வள்ளுவரும் இனியவை கூறலுக்கென ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். என் இந்துச் சகப்பணியாளர்களிடம் இப்பண்புகளைக் கண்டு மகிழ்கிறேன். எனினும் கிறிஸ்தவ ஆசிரியருக்கு இவை இயல்பு அமைந்தால் பின்பற்றும் நற்பண்புகள் மட்டும் அல்ல. வீணாகப் பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு ஒப்புவிக்க வேண்டும் என்று தம் ஆண்டவர் சொன்னதை அவர் நம்புகிறார். களைப்புற்ற வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளையிலும், நாற்பது பயிற்சிப் புத்தகங்கள் திருத்தக் காத்திருக்கும்போதும் அக்கணக்கு நிற்பதில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆசிரியரின் சமயத்தைப் பார்த்து ஐயுறுவதினும், உங்கள் பிள்ளையிடம் அவர் எவ்வாறு பேசுகிறார் என்பதைக் கேட்டறியுங்கள். வீட்டில் நாம் பேசுவதையும் சற்றே கவனிப்போம். ஞாயிற்றுக்கிழமை நாம் பாடும் பாமாலையைப் பிள்ளைகள் கேட்பது ஒரு மணி நேரம்; எஞ்சிய நாள்களில் நாம் பேசுவதை அவர்கள் வாரம் முழுவதும் கேட்கின்றனர்.

சிந்திப்போம், செயலில் காட்டுவோம்.