பொங்கலோ, படக்காட்சியோ?

சிலைத் திங்களின் (மார்கழியின்) கடைசி நாள்களில் தமிழ்நாட்டுப் பள்ளிகள்தொறும் பொங்கல் விழா எடுக்கப்பெறுகின்றது. பொங்கலன்று விடுமுறையாதலின் முன்னரே கொண்டாடி விடுகின்றனர்; அதிற் குறையில்லை. ஆனால், ஆங்கிலவழிப் பள்ளிகள் பலவற்றில் நடப்பதென்ன? சிறுவர்க்கு வேட்டியும் சிறுமியர்க்குப் பாவாடையும் உடுத்தி, பானையருகே நிறுத்திப் படமெடுக்கின்றனர். ஒலிபெருக்கியிலோ முற்றும் ஆங்கிலம்! வாழ்த்துங்கூட 'ஏப்பி பொங்கல்' தான்!

பானையிலிட்ட அரிசி எந்த நெல்லினது என்று அக்குழந்தைகட்குச் சொல்வாரில்லை. மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா, கருங்குறுவை எனப் பெயர் சொல்லி, ஒவ்வொரு பிடி நெல்லைக் கையில் கொடுத்துப் பார்க்கச் செய்தல் அத்துணைப் பெருஞ்செலவா? கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முன்னாள் ஆவிரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்து வீட்டுக்கு வீடு காப்புக் கட்டுகின்றனர். பள்ளி வாயிலில் அதனைப் பிள்ளைகளே கட்டலாம். சடுகுடுவும் உறியடியும் ஊர் இளைஞர் மன்றங்களில் இன்னும் உயிரோடுள்ளன. பள்ளித் திடலுக்கு அவை ஆகாவோ?

கனடாவின் ஒன்றாரியோ மாநிலம் 2014-இலும், அந்நாட்டு மக்களவை 2016-இலும் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றன. பனி கொட்டும் அக்குளிரிலும், பள்ளி அரங்குகளுக்குள் தமிழ்ப் பிள்ளைகள் பொங்கல் விழாவில் தமிழில் பேசப் பழகுகின்றனர். இங்கோ, 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ் கற்றலைக் கட்டாயமாக்கிய பின்னும் பொங்கலுக்கு ஆங்கில வரவேற்புரை! பிள்ளையைப் படமெடுக்க முன்வரிசைக்கு முந்தும் பெற்றோர், விழாவுக்கு ஒரு கிழமை முன்னரே தலைமையாசிரியரைக் கண்டு, வரவேற்புரை தமிழில் வேண்டுமென எழுதிக் கொடுப்பாராக.