டேட்டா பத்திரமாக இருந்தும் பங்குச்சந்தை நின்றது ஏன்?

2021 பிப்ரவரி 24, புதன்கிழமை. மாதாந்திர எஃப் அண்ட் ஓ எக்ஸ்பைரிக்கு முந்தைய நாள். காலை 11.40 மணிக்கு தேசிய பங்குச்சந்தையான என்எஸ்இ-யில் வர்த்தகம் நின்றது. மயிலாப்பூரில் டீ இடைவேளையில் ஆப்பைத் திறந்தவருக்கும், தி.நகர் புரோக்கர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவருக்கும் ஒரே நிலைமைதான். காலையில் வாங்கியதை அங்கே விற்க முடியாது. மணி மூன்றைத் தாண்டியும் தகவல் இல்லாததால், பலருடைய இன்ட்ராடே பொசிஷன்கள் பிஎஸ்இ-யில் கிடைத்த விலைக்கு முடிக்கப்பட்டன. கடைசி நேரத்தில்தான், மாலை 3.45 முதல் 5 மணி வரை சந்தை நடக்கும் என்ற அறிவிப்பு வந்தது.

என்ன ஆச்சு என்று என்எஸ்இ சொன்ன விளக்கத்தில் சான், நியர் சைட், டிஆர் என்று ஸ்டோரேஜ் துறையின் வார்த்தைகளாக இருந்தன. அவை புரிந்தால்தான் அந்த நாலு மணி நேரமும் புரியும்.

சான் என்றால் என்ன?

உங்கள் லேப்டாப்பில் டிஸ்க் உள்ளேயே இருக்கிறது. பெரிய நிறுவனங்களில் அப்படி இல்லை. நூற்றுக்கணக்கான டிஸ்குகள் தனி அலமாரிகளில் இருக்கும். சர்வர்கள் அதற்கென்றே போட்ட அதிவேக நெட்வொர்க் வழியாக அவற்றைத் தொடும். இதுதான் ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க், சுருக்கமாக சான். அலமாரிக்குள் பாதுகாப்புக்கு ரெய்டு உண்டு. ரெய்டு 5 என்றால் ஒரு டிஸ்க் செத்தாலும் தாங்கும், ரெய்டு 6 என்றால் இரண்டு. புது டிஸ்க் போட்டு நிரப்புவதற்குப் பெயர் ரீபில்ட். 20 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 200 எம்பி வேகத்தில் எழுதினாலும் சுமார் 28 மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொன்று போனால்? அந்தப் பயத்துக்குத்தான் ரெய்டு 6.

ஆனால் கட்டடத்துக்கே ஆபத்து வந்தால் ரெய்டு உதவாது. அதற்கு ரெப்ளிகேஷன், அதாவது வேறு இடத்தில் இன்னொரு பிரதி.

பாண்டி பஜாரில் அண்ணன் கடை, மயிலாப்பூரில் தம்பி கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் ஒவ்வொரு பில்லையும் போனில் சொல்ல, தம்பி தன் நோட்டில் எழுதி, "எழுதிட்டேண்ணே" என்று சொன்ன பிறகுதான் சரக்கை நீட்டுவார். இது சிங்க்ரனஸ் ரெப்ளிகேஷன். பாண்டி பஜார் கடை எரிந்தாலும் ஒரு பில்கூடத் தொலையாது. சரி, போன் லைன் கட்டானால்? தம்பி இல்லாமலேயே எழுதிக்கொண்டு போகலாம், இல்லையென்றால் கடையை நிறுத்தலாம். எதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவெடுத்திருக்க வேண்டும்.

என்எஸ்இ-க்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். மும்பை பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் பிரதான தளம், குர்லாவில் பக்கத்துப் பிரதித் தளம். இரண்டையும் இணைத்த இரு நிறுவனங்களின் லைன்களிலும் சிக்கல். வழியில் நடந்த சாலை தோண்டும் வேலைகளை என்எஸ்இ காரணமாகச் சொன்னது. லைன் போனாலும் பிரதான தளத்து சான் தனியாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை, சர்வர்களுக்கு அது எட்டாமல் போனது. டிரேடிங் சிஸ்டம் நன்றாகவே இருந்தது. ஆனால் ரிஸ்க் மேனேஜ்மென்ட் இல்லாமல் வர்த்தகம் நடத்த முடியாது என்பதால் சந்தையை மூடினார்கள்.

இந்தக் கதையில் சென்னைக்கும் இடம் உண்டு. என்எஸ்இ-யின் பேரிடர் மீட்புத் தளம், அதாவது டிஆர் சைட், இங்கேதான் இருக்கிறது. அப்படியானால் உடனே சென்னைக்கு மாறியிருக்கலாமே? செபியும் அன்றே அதைத்தான் கேட்டது.

தூரத்தின் விலை

மும்பையும் சென்னையும் நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஃபைபரில் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். போய்த் திரும்ப குறைந்தது 10 மில்லி செகண்ட். நமக்கு அது ஒன்றுமே இல்லை, ஒவ்வொரு ஆர்டருக்கும் காத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கு அது யுகம். அதனால் தொலைதூரப் பிரதி பொதுவாக அசிங்க்ரனஸ், கொஞ்சம் பின்தங்கியே வரும். அந்தப் பின்தங்கலில் எவ்வளவு டேட்டா போனால் பரவாயில்லை என்பதன் அளவு ஆர்பிஓ. மறுபடி எழுந்து ஓட எவ்வளவு நேரம் என்பது ஆர்டிஓ. (திருவான்மியூர் ஆர்டிஓ ஆபீஸ் இல்லை!)

'ஜீரோ டேட்டா லாஸ்' என்ற வாக்குறுதி முதல் கணக்கைப் பற்றியது மட்டும்தான். பிப்ரவரி 24 அன்று நம் ஆட்கள் பணம் விட்டது இரண்டாவது கணக்கில். என் பார்வையில், ஒரு டிரேடும் தொலையக் கூடாது என்ற அக்கறையில் பாதியாவது 'எப்போது திறப்பீர்கள்' என்பதிலும் இருந்திருக்க வேண்டும். இன்று உங்கள் ஆபீஸில் ஸ்டோரேஜ் வாங்குகிறார்கள் என்றால், வெண்டரிடம் இரண்டு எண்களையும் கேளுங்கள். கடைசியாக எப்போது நிஜமாக மாறிப் பார்த்தீர்கள் என்று உங்கள் ஐடி டீமையும் கேளுங்கள்.

ஒரு மாதத்துக்குள், 2021 மார்ச்சில், செபி விதியை இறுக்கியது. முக்கிய சிஸ்டம் முடங்கினால் 30 நிமிடத்துக்குள் 'பேரிடர்' என்று அறிவிக்க வேண்டும், அதிலிருந்து 45 நிமிடத்துக்குள் இயங்க வேண்டும். ஆர்பிஓ 15 நிமிடம். 2015 டிசம்பரையும் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னைக்காரர்களுக்கு, பேரிடர் மீட்புத் தளம் நம் ஊரில் என்பதே சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் மும்பையும் சென்னையும் ஒரே நாளில் மூழ்காது என்பதுதான் கணக்கு.

2024 மார்ச் 2, சனிக்கிழமை. விடுமுறை நாளில் என்எஸ்இ சந்தையைத் திறந்தது. காலை 9.15 முதல் 10 மணி வரை பிரதான தளத்தில் வர்த்தகம், பிறகு 11.30 முதல் 12.30 வரை டிஆர் தளத்தில், நிஜ ஆர்டர்களோடு. அடையாறில் வீட்டிலிருந்தபடி ஆப்பைத் திறந்தவருக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது.