தவில்காரர் கை எங்கே?

எங்கள் பக்கத்துக் கோயில் பொங்கல் நோட்டீஸ் ஒன்றை விரித்துப் பாருங்கள். அம்மன் படம், நாட்டாண்மை, கமிட்டித் தலைவர், செயலாளர், பொருளாளர், பந்தல் உபயம், மைக்செட் உபயம், மூன்றாம் நாள் அன்னதானம், சென்னை வாழ், திருப்பூர் வாழ், சிங்கப்பூர் வாழ் ஊர்மக்கள் என்று பெயர்கள் இறங்கிக்கொண்டே போகும். நடுவில் கரகாட்டக் கலைஞர்கள் இருவர், படத்தோடு. அதற்குக் கீழே பொடி எழுத்தில் நையாண்டி மேளம், இன்ன ஊர் குழுவினர். நாயனக்காரர் இருவர், தவில்காரர் இருவர், பம்பை, தமுக்கு, தாளம் என ஏழெட்டுப் பேர் அந்தக் 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் அடைந்துகிடப்பார்கள். பந்தலுக்குக் குலைவாழை கொடுத்தவருக்குக்கூட இனிஷியலோடு பெயர் உண்டு.

நான் அருப்புக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா வீடியோ எடுத்துப் பிழைப்பவன். வி.எச்.எஸ். கேசட் காலத்திலிருந்து இதே தொழில்தான். பந்தல்குடி, பரளச்சி, நரிக்குடி, வீரசோழன் என்று திருச்சுழிச் சுற்றுவட்டாரத்தில் நான் டிரைபாட் ஊன்றாத பொட்டல் குறைவு. எங்கள் மண் மானாவாரி மண். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, தை மாசியில் மக்காச்சோளமும் உளுந்தும் மல்லியும் வீடு வந்தால்தான் பங்குனியில் கொட்டு முழங்கும். பங்குனி, சித்திரை, வைகாசி, பிறகு ஆடி. மேளக்காரர்களுக்கு அவ்வளவுதான் சீசன். மழை ஏமாற்றிய வருசத்தில் முதலில் குறைவது மேள செட்டின் எண்ணிக்கை.

அந்த ராத்திரிகளில் என் கேமரா பார்த்து நின்றது ஆட்டத்தை. அடுத்தபடியாக, ரூபாய் நோட்டைக் குத்துகிறவரின் முகத்தை. கமிட்டிக்காரர்கள் கேட்பது அது. காசு கொடுப்பதும் அதற்கு. "மேளத்தை என்னப்பா எடுக்குறே, அதுதான் கேக்குதுல்ல" என்பார்கள். இப்போது யூடியூப் சேனல்காரர்கள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அதே கோணம்தான். இன்னும் தாழ்த்தி வைக்கிறார்கள், அவ்வளவே.

இதைச் சொல்ல வந்த காரணம் ஒரு டி.வி.டி. பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் கொண்டுவந்து போட்டது. 2010 ஜூன் 22 அன்று பல்கேரியா தலைநகர் சோஃபியாவின் வாசில் லெவ்ஸ்கி ஸ்டேடியத்தில் ஆந்த்ராக்ஸ், மெகாடெத், ஸ்லேயர், மெட்டாலிகா என நான்கு குழுக்கள் ஒரே மேடையில் அடுத்தடுத்து வாசித்த கச்சேரியின் படம். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கிளம்பிய த்ராஷ் மெட்டல் என்ற அதிவேக இசையின் நான்கு பெரிய தலைகள். அன்றைக்கே செயற்கைக்கோள் வழியாகப் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான தியேட்டர்களில் அதைக் காட்டினார்கள். அக்டோபரில் டிஸ்க்காக வந்தது.

அந்தப் பாட்டு பிடிக்கும் என்று நான் யாரிடமும் வற்புறுத்தப் போவதில்லை. எனக்கே பாதிப் பாட்டில் என்ன பாடுகிறார்கள் என்று விளங்கவில்லை. ஆனால் தெருவுக்கு நாலு விசைத்தறி ஓடும் ஊரில் பிறந்தவனுக்கு அந்த வேகம் ஒன்றும் அந்நியம் இல்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்தது எடுத்த விதம். மேடையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் கேமரா இருக்கிறது. கிடாரில் விரல் எங்கே நகர்கிறதோ அங்கே படம் போகிறது. டிரம்ஸ்காரர் யாருக்கும் பின்னால் மறைந்துபோவதில்லை. மெகாடெத் வாசிக்கையில் மழை பிடித்துக்கொண்டது. நனைந்துகொண்டே வாசிக்கிறார்கள், நனைந்துகொண்டே கேட்கிறார்கள்.

ஒரு நாள் எனக்குத் தெரிந்த தவில்காரர் அண்ணன் ஒருவர், மகள் கல்யாண ஆல்பம் வாங்குவதற்காகக் கடைக்கு வந்திருந்தார். அவருக்கு ஸ்லேயர் பகுதியைப் போட்டுக் காட்டினேன். டீ ஆறிப்போனது. டேவ் லொம்பார்டோ டிரம்ஸ் வாசிக்கிற இடத்தில் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"கை ரெண்டும் மேல இருக்கு தம்பி. கீழ ஒண்ணு ஓடுதே, அது யாரு?"

"அவரேதாண்ணே. காலுக்கு ரெண்டு டிரம். ரெண்டு காலாலயும் மிதிக்கிறாரு."

"காலுக்குத் தனிச் சம்பளம் உண்டா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பிறகு மேசை விளிம்பில் வலக்கை விரல்களால் அந்த ஓட்டத்தைப் போட்டுப் பார்த்தார். இடக்கை, தவிலின் இடமுகமான தொப்பிப் பக்கம் பூவரசங்குச்சி பிடித்திருப்பதுபோல் மடங்கி இருந்தது. முதல் சுற்றில் இடறியது. இரண்டாவதில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவதில் தன் பங்குக்கு ஒரு முத்தாய்ப்பும் வைத்தார்.

பாடகர் டாம் அராயா தலையே ஆட்டாமல் நிற்கிறாரே என்றும் அவர்தான் கேட்டார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அராயாவுக்குக் கழுத்தெலும்பில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. பல வருசம் வாசித்துக்கொண்டே தலையைச் சுழற்றியதன் விளைவு. சொன்னதும் அண்ணன் தன் இடது தோளைத் தடவிக்கொண்டார். பலாமரத்தில் கடைந்த தவிலை வாரில் மாட்டித் தோளில் தொங்கவிட்டு ராத்திரி முழுக்க நின்றுகொண்டே வாசிக்கிறவர் அவர்.

அவர் வாசித்த காணொளி எதையாவது காட்டலாம் என்று போனில் தேடினேன். அவர் செட் பெயரில் நிறைய இருக்கின்றன. ஒன்றிலும் அவர் கை தெரியவில்லை. ஒன்றில் தவிலின் விளிம்பும் வேட்டி நுனியும் தெரிந்தன. சத்தம் அதைவிட மோசம். போன் மைக் தவிலின் முதல் அடியிலேயே மிரண்டு ஒலியைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். குறைத்த நொடியில் நாயனத்தின் குழைவும் சேர்ந்து அமுங்கும். அடுத்த அடிக்குள் மீண்டும் ஏற்றும். கேட்பவர் காதுக்கு வந்து சேர்வது தகர டப்பா உருளும் ஓசை. தொப்பியின் கும்காரமும் வலமுகமான வலந்தலையின் கணீரும் பிரிந்து கேட்க வேண்டுமானால் தவிலுக்கே இரண்டு மைக் வேண்டும். நாயனம் ஒவ்வொன்றுக்கும், பம்பைக்கும், தமுக்குக்கும் தனித்தனித் தடம் வேண்டும். பின்னால் உட்கார்ந்து கலக்க வேண்டும். ராக் கச்சேரிப் படங்களில் இது அரிச்சுவடி. இதற்கான கருவி இன்று மதுரையிலேயே வாடகைக்குக் கிடைக்கும்.

கரகாட்டக்காரர்களை மட்டம் தட்டுவதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கால் எந்த அடியில் விழுகிறது என்று தெரிந்தால்தான் அந்த ஆட்டத்தின் அருமையே புரியும். மேளத்தைக் கழித்துவிட்டு ஆட்டத்தை மட்டும் படம் பிடிப்பவன், ஆடுகிற பெண்ணின் வித்தையையும் சேர்த்தே கழிக்கிறான். பிறகு ஆபாசம் ஆபாசம் என்று குறை சொல்வதும் நாம்தான்.

நான்கு குழுவை ஒரே மேடையில் ஏற்றியதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. மெகாடெத்தின் டேவ் மஸ்டேன் ஒரு காலத்தில் மெட்டாலிகாவில் இருந்தவர். 1983 ஏப்ரலில் அவரை வெளியேற்றி, நியூயார்க்கிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அவர் போய் மெகாடெத்தை ஆரம்பித்தார். அந்தக் கசப்பை வருசக்கணக்காகப் பேட்டிகளில் கக்கினார். சோஃபியாவில் நான்கு குழுக்காரர்களும் சேர்ந்து வாசித்த ஒரு பாட்டுக்கு அவரும் மேடையேறினார். ஸ்லேயரிலிருந்து லொம்பார்டோ மட்டும் வந்தார்.

நம் மேள செட்டுகளின் வரலாறும் இதேதான். அட்வான்ஸ் பணத்தைப் பிரித்ததில் தகராறு, மச்சான் மாப்பிள்ளைச் சண்டை, ஒரு செட் இரண்டாகும். இரண்டும் ஒரே ஊருக்கு வந்துவிட்டால் அன்றைக்குத்தான் வாசிப்பு தூள் பறக்கும். ஒருவர் வாசித்ததை மற்றவர் திருப்பி வாசித்து, மேலே ஒன்று கூட்டிப் போடுவார். அதைக் கேட்டவர்கள் இன்னும் ஊர்களில் இருக்கிறார்கள். கேட்கும்படியான பதிவு ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ல் வந்தது. தூங்குகிற ஊருக்கு அது நியாயம்தான், அதை எதிர்த்து நான் பேசவில்லை. ஆனால் விடிய விடிய விரிந்த வாசிப்பு இப்போது இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் சுருங்கி, அதிலும் பாதி சினிமாப் பாட்டாகிவிட்டது. முழு ராத்திரி வரிசை தெரிந்த கைகள் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும்.

அடுத்தது காசு. யூடியூபில் லட்சம் பேர் பார்த்த மேளக் காணொளியால் வாசித்தவருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தில், நிகழ்த்துபவர் உரிமை என்று 38-ஆவது பிரிவு இருக்கிறது. 1994 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. நிகழ்த்துபவர் யார் என்று அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது: நடிகர், பாடகர், இசைக் கலைஞர், நடனம் ஆடுபவர், கழைக்கூத்தாடி, வித்தை காட்டுபவர். பாம்பாட்டியைக்கூட மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த உரிமைக்கு ஆயுள் ஐம்பது ஆண்டு. பாம்பாட்டிக்கு உள்ள உரிமை பம்பைக்காரருக்கு உண்டு என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும். வெற்றிலை பாக்கு மாற்றி அட்வான்ஸ் கொடுக்கும்போதே, வீடியோ எடுக்கலாமா, எடுத்தால் எவ்வளவு என்று ஒரு வரி எழுதிக்கொண்டால் போதும். என்னைப்போன்ற வீடியோக்காரனுக்கு அதில் கொஞ்சம் நட்டம் வரும். வரட்டும்.

யார் எடுப்பது என்று கேட்பீர்கள். தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று தனித்தனியாகப் படிக்கிற பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். அந்த எம்.ஜி.ஆர். 1977-ல் முதலமைச்சரானது எங்கள் அருப்புக்கோட்டைத் தொகுதியில் ஜெயித்துத்தான் என்பதை ஊர்க்காரன் உரிமையில் நினைவூட்டுகிறேன். கலை பண்பாட்டுத் துறை அந்தப் பிள்ளைகளை ஒரு பங்குனிக்கு இங்கே அனுப்பலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்த செட்டுகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, நான்குக்கும் முழு நேரம் கொடுத்து, ஒரே ராத்திரியில் எடுக்கலாம். தவிலுக்கு நேரே ஒரு கேமரா, நாயனத்தின் சீவாளிக்கு நேரே ஒன்று. டிரோன் வேண்டாம். ஆகாயத்திலிருந்து பார்த்தால் எல்லா ஊர்ப் பொங்கலும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

எடுத்ததைத் தியேட்டரிலும் காட்டலாம் என்றேன். மேளத்தை யார் தியேட்டரில் காசு கொடுத்துப் பார்ப்பான் என்று கமிட்டி நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு நான் சொன்னது இது. 2011 அக்டோபரில் குர்கானில் மெட்டாலிகா கச்சேரி ரத்தானதும் கூட்டம் மேடையை உடைத்தது. இரண்டு நாள் கழித்து பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அதே குழு வாசித்தபோது திரண்ட கூட்டத்தில் என் அக்கா மகனும் ஒருவன். முதல் வரிசைக்குப் போக அரை நாள் வெயிலில் நின்றானாம். அவன் பிறந்த ஊர் பொங்கலுக்கு வாசிக்கிற தவில்காரர் பெயர் அவனுக்குத் தெரியாது. நோட்டீஸில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்றான். அடுத்த பங்குனி நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போது மேளக்காரர்கள் பெயரை எழுதிக் கொடுக்கிறேன் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். இடம் இருந்தால் போடலாம் என்றார்.