பேத்தியின் வங்கிப் புத்தகம்



நெடுந்தீவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். யுத்தத்தில் கணவனை இழந்து, இப்போது மகளோடும் பேத்தியோடும் வாழும் அம்மா அவர். பேத்தியின் வங்கிப் புத்தகத்தை என் கையில் தந்தார்.

"இதைப் பார் பிள்ளை. இவளின்ரை படிப்புக்கெண்டு லண்டனிலை இருந்து மாமன் அனுப்புற காசிலையும் வரி வெட்டுறாங்கள். இனி அனுப்பாதை எண்டு சொல்லிப்போட்டன். சீட்டுக் கட்டுவம்" என்றார்.

புத்தகத்தை வரி வரியாகப் பார்த்தோம். மாமன் அனுப்பிய தொகையில் ஒரு சதமும் குறையவில்லை. வெட்டப்பட்டது வட்டியில்தான்.

சகோதரிகளே, இந்த வேறுபாட்டை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். உறவினர் பிள்ளையின் படிப்புக்கு அன்பளிப்பாக அனுப்பும் பணம் வருமானமாகக் கணக்கிடப்படுவதில்லை. ஆனால் அந்தப் பணம் வங்கியில் ஈட்டும் வட்டி வருமானம். வங்கிகள் வட்டியில் கழிக்கும் வரி 2023 ஜனவரியிலிருந்து 5 வீதமாக இருந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் அது 10 வீதம். வட்டி 8,000 ரூபா என்றால் 800 ரூபா போய்விடும்.

எனினும் ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாவைத் தாண்டாதவர்கள் சுய பிரகடனப் படிவம் கொடுத்தால் இந்தக் கழிவைத் தவிர்க்கலாம். வரி ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கணக்குக்குத் தாயோ பாதுகாவலரோ எந்தப் படிவம் கொடுக்க வேண்டும் என்பதை வங்கியில் கேளுங்கள். ஏற்கனவே கழித்த பணத்தை மீளப்பெற உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்காகக் கழிவுச் சான்றிதழை வங்கியில் கேட்டு வாங்கி வையுங்கள்.

குறிகட்டுவானுக்குப் படகேறி, பஸ் பிடித்துப் போய்வர நமக்கு ஒரு நாள் போய்விடும். எனவே அடையாள அட்டை, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள்.

சீட்டுப் பிடித்தவர் கைவிட்டால் யாரிடம் போவது? தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கோ அரசாங்கத்தின் உத்தரவாதம் உண்டு.

அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். "தம்பிக்கு அடிச்சுச் சொல்லு, வழமைபோலை அனுப்பட்டாம். நாளைக்கு வள்ளத்திலை நீ வங்கிக்குப் போ."

உங்கள் வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தையும் இன்றே ஒருமுறை திறந்து பாருங்கள்.