தெருவின் தன்மை யாருக்காக?

சென்ற ரபீஉல் அவ்வலில் ஒரு மனு என் கையெழுத்துக்காக வந்தது. ஊர்ப் பெயர் வேண்டா. கள்ளக்குறிச்சி வட்டாரம் என்றால் போதும். நம் தெருவில் ஓர் இளைஞர் தந்தையின் ஓட்டு வீட்டைப் பிரித்து, கீழே தாயும் தாமும், மேலே வாடகைக்கு இரு குடும்பங்களும் இருக்கும்படி கட்ட முனைந்தார். “தெருவின் தன்மை கெட்டுவிடும், அந்நியர் நுழைவர், தடுத்தருள வேண்டும்” என்பதே மனு. கையெழுத்திட்டவர்களில் மூவர் தம் வீட்டின் மீது இரண்டாம் தளம் எழுப்பியவர்கள் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இவ்வாதத்தின் வேர் யாது? கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாக 2019 நவம்பர் 26இல் தொடங்கப்பெற்றது. அலுவலகங்கள் வந்தன, அலுவலர் வந்தனர், ஆசிரியரும் வழக்கறிஞரும் காவலரும் கடைச் சிப்பந்திகளும் வந்தனர். இவர்களெல்லாம் எங்கே படுத்துறங்குவது? பழைய தெருக்கள் கதவைச் சாத்தினால் ஊர் வயலுக்குள் நடக்கும். சேலம் நெடுஞ்சாலையின் இருமருங்கும் கரும்பும் நெல்லும் மரவள்ளியும் நின்ற நிலத்தில் வெள்ளைக் கற்கள் நடப்படுவதை நாம் காண்கிறோம். தெருவில் ஒரு மாடியைத் தடுத்தவர், அறியாமலே வயலில் ஒரு மனைக்கு வழிவகுக்கிறார். வாடகை ஏறுகிறதே என்று அங்கலாய்ப்பவரும் அவரே!

அங்கீகாரமற்ற மனைகளின் கதையை நாடறியும். அத்தகைய மனைகளைப் பதிவு செய்யக் கூடாதென்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளை வரன்முறைப்படுத்த 2017 மே மாதம் விதிகள் வந்தன. இடையில் தவித்தவர் யார்? வளைகுடாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் மகளுக்கென்று இரண்டு சென்ட் வாங்கிப் போட்ட நம் வீட்டுத் தகப்பன்மாரும் அவர்களுள் உண்டு. தெருவிளக்கும் சாக்கடையும் இல்லாத இடத்தில் அவர்கள் நிலம் வாங்கியது விருப்பத்தினாலன்று, ஊருக்குள் இடமில்லாமையினால்.

மனு கொணர்ந்த பெரியவர் ஒருவர் மார்க்கச் சட்டத்தையும் துணைக்கழைத்தார். “ஷுஃப்ஆ இருக்கிறதே! அண்டை வீட்டாருக்கன்றோ முதல் உரிமை?” என்றார். நல்லது, அதையே பார்ப்போம். உள்நாட்டில் நம்மவரில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், ஒட்டிய நிலத்துக்காரருக்கும் அவ்வுரிமை உண்டு. கடற்கரையூர்களில் பரவிய ஷாஃபி மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே உண்டு. எவ்வகையாயினும் அது விற்பனை நிகழும்போது எழுவது. அந்நியர் தர ஒப்பிய அதே விலையைத் தாமே எண்ணி வைத்து வாங்கிக் கொள்ளும் உரிமை. காசு கொடாமல் ஒருவர் தம் சொந்த வீட்டின் மேல் கட்டுவதைத் தடுக்கும் அதிகாரம் அதில் எங்கே உள்ளது? தெரு முழுவதற்கும் ஷுஃப்ஆ என்று எந்த நூல் கூறிற்று? போகட்டும், சென்னை மாகாணத்தில் இவ்வுரிமை செல்லாது என்று உயர்நீதிமன்றம் 1870ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது.

நாம் வேறெவரையும் விட அஞ்ச வேண்டிய வாதம் இது. குஜராத்தில் 1991ஆம் ஆண்டின் கலவரப் பகுதிச் சட்டப்படி, அறிவிக்கப்பட்ட பகுதிகளில் ஒருவர் தம் வீட்டை விற்க ஆட்சியரின் முன்னனுமதி வேண்டும். ஒரு சமயத்தார் ஓரிடத்தில் ‘முறையற்றுக் குழுமுகின்றனரா’ என்றும் ஆட்சியர் ஆராயலாம் என்று 2019இல் அங்குச் சட்டமன்றம் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. அது உயர்நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அகமதாபாத்தில் முஸ்லிம் குடும்பத்துக்கு வீடு மறுக்கப்படும்போதும் சொல்லப்படுவது ‘இப்பகுதியின் தன்மை’தான். பார்சி வீட்டுவசதிச் சங்கமொன்று தன் சமூகத்தாரை மட்டுமே உறுப்பினராக்கும் விதியை உச்ச நீதிமன்றம் 2005இல் ஏற்றது. இன்று அத்தீர்ப்பைக் காட்டி நம்மை விலக்குவோர் உளர். மும்பையில் புலால் உண்பவருக்கு வீடில்லை என்று கேட்டுக் கொதிக்கும் நாம், நம் தெருவில் வாடகைக்கு வரும் ஆசிரியை எந்தச் சாதியார் என்று விசாரிக்கிறோம். எந்த முகத்தோடு நீதி கேட்பது?

அதனால் எதையும் எப்படியும் கட்டலாம் என்கிறேனா? இல்லை. காக்க வேண்டியவை உண்டு. கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகியாகவும் மணிமுக்தாவாகவும் இறங்கி, ஏரி ஏரியாக நிறைந்து, வெள்ளாற்றில் சேர்கிறது. ஏரிக்கு நீர் கொணரும் வரத்து வாய்க்காலின் மேல் மனை போட்டால் மாரிக் காலத்தில் வீட்டுக்குள் வெள்ளம், கோடையில் கிணற்றில் வறட்சி. இதைத் தடுப்பதற்கு எத்தனை மனுக்கள் எழுதினோம்? 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாகப் பத்தில் ஒரு பங்கைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதி. அவ்வெளி வேலியிடப்பட்டுக் கையகப்படுத்தப்படாமல் இருக்கிறதா என்று ஒரு ஜமாஅத்தாவது போய்ப் பார்த்ததுண்டா?

நம் பழந்தெருவின் மெய்யான அழகு திண்ணையிலும், சுவரோடு சுவர் ஒட்டி நிழல் தரும் வரிசையிலும், பெண்கள் கொல்லைப்புறமாகவே ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்குச் செல்லும் சந்திலும் இருக்கின்றது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மகளுக்கு வீடு தரும் வழக்கத்தால், ஒரே மனை தலைமுறைதோறும் பகிரப்பட்டு நெருங்கிய வீடுகளாயிற்று. நெருக்கமே அத்தெருக்களின் தன்மை! பக்கச் சுவர்களை ஒட்டி எழுப்ப இடமளிக்கும் ‘தொடர் கட்டடப் பகுதி’ என்னும் வகை இன்றைய விதிகளிலும் உள்ளது. நம் தெருவை அவ்வகையில் சேர்க்கக் கேட்பது, அடுத்தவர் மாடியைத் தடுப்பதினும் பயனுள்ள வேலையாகும்.

கேட்கும் காலமும் உண்டு. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. வீட்டுக்கு வீடு தடை மனு எழுதும் காலம் முடிந்தது. ஆனால் 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி, ஒரு நகருக்கு முழுமைத் திட்டம் வகுக்கும்போது ஆட்சேபம் கூற இரண்டு மாதத்துக்குக் குறையாத அவகாசம் தர வேண்டும். எங்கே குடியிருப்பு, எங்கே வயல், எது வாய்க்கால் என்பது அங்கேதான் தீர்மானமாகிறது. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த கல்வராயன் மலை மக்களுக்கே, வன உரிமைச் சட்டம் 2006இல் ஒரு குரலைத் தந்தது. காட்டு நிலத்தில் பள்ளியோ சாலையோ அமைக்கக் கிராம சபையின் பரிந்துரை வேண்டும். சமவெளியில் படித்தவர்கள் நாம், நமக்குள்ள இரண்டு மாதத்தை உறங்கிக் கழிக்கலாமா?

அந்த மனுவில் நான் கையெழுத்திடவில்லை. வாய்க்காலைக் குறித்து ஒன்று எழுதிக் கொணருங்கள், முதல் கையெழுத்து என்னுடையது என்றேன். அவர்கள் சலாம் கூறிப் போனார்கள். எட்டு மாதமாயிற்று, வேறு மனு வரவில்லை. இளைஞரின் வீடு மட்டும் வளைமட்டம் வரை எழும்பிவிட்டது.